பழைய ரிம், புது டயர்

சவுத் பெண்டில் வயதானவர்களோடு பேச உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஸ்டுடிபேக்கரில் போய் நிற்கும். அந்தக் கார் ஆலை 1963 டிசம்பரில் மூடப்பட்டது. இந்தியானா மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் இந்த ஊர் அந்த அடியிலிருந்து எழுந்து நிற்க வெகுகாலம் ஆயிற்று. இதே ஊரில், அயர்லாந்து சாலையில் இருந்த ஓர் ஆலையில், வீல் ஹார்ஸ் என்ற சிறிய சிவப்பு டிராக்டரையும் செய்தார்கள். எல்மர் பாண்டும் அவர் மகன் செசில் பாண்டும் 1946-இல் தொடங்கிய தொழில் அது. 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போனது, 1986-இல் டோரோ கைக்குப் போனது. ஸ்டுடிபேக்கருக்கு ஊருக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. வீல் ஹார்ஸ் வண்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் வீடுகளின் பின்னால் இருக்கும் கொட்டகைகளில்தான் தேட வேண்டும். அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன.

என் கொட்டகையில் நிற்பது சி-120 என்ற வகை, 1976-ஆம் ஆண்டு வண்டி. பன்னிரண்டு குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் கோலர் இஞ்சின். முன்னால் போக ஆறு கியர், பின்னால் வர இரண்டு. நம் ஊரில் டிராக்டர் என்றால் மாசி பெர்குசனோ மகிந்திராவோதான் கண்ணில் வரும்; அதன் பின் டயர் ஆளின் நெஞ்சு உயரத்துக்கு வரும். இந்த வண்டியின் பின் டயர் என் முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆனாலும் இதைப் பொம்மை என்று நினைக்கக் கூடாது. கியர்ப்பெட்டியும் அச்சும் கனத்த வார்ப்பிரும்பு. கோடையில் அடியில் புல்வெட்டியை மாட்டலாம், ஏப்ரலில் பின்னால் ஒற்றைக் கலப்பையை மாட்டலாம், பனிக்காலத்தில் முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டலாம். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வருடம் முழுக்க வேலை செய்யும்படி அமைத்த வண்டி.

எங்கள் தெருவின் கடைசி வீட்டு முதியவரிடமிருந்து இதை வாங்கினேன். அவரிடம் இரண்டு வீல் ஹார்ஸ் இருந்தன. மூத்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு இளையதை எனக்குக் கொடுத்தார். இஞ்சினில் குறை ஒன்றும் இல்லை, கால்களைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னார். கால்கள் என்று அவர் சொன்னது சக்கரங்களை.

கொட்டகை வெளிச்சத்தில் குனிந்து பார்த்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. பின் டயர்களின் பக்கச்சுவர் கோடைக் குளத்தின் கரம்பை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் நகத்தை விட்டால் உள்ளே நூல் தட்டுப்பட்டது. முன்னால் இடப்பக்கம் ஒரு டயர், வலப்பக்கம் வேறு ஒரு டயர். ஒன்று அகலமான தோட்ட டயர், மற்றது யாரோ அவசரத்துக்கு மாட்டிய ஒடுக்கமான டிரெய்லர் டயர். இரண்டுக்கும் ரிம் எட்டு அங்குலம், உயரமும் ஏறக்குறைய ஒன்று, அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் இடது சக்கரத்தில் வால்வைச் சுற்றி ரிம்மின் பெயிண்ட் உரிந்து, துரு அடுக்கடுக்காகக் கிளம்பி, அதிலிருந்து பழுப்பு நீர் ஒழுகிக் காய்ந்த தடம் தரை வரை இருந்தது. தடத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்த உப்பு கால்சியம் குளோரைடு. பின்சக்கரத்துக்குக் கனம் ஏற்ற டயருக்குள் தண்ணீர் நிரப்புவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். தமிழ்நாட்டில் எங்கள் ஊரிலும் டிராக்டர் டயருக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். இங்கே குளிரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அதில் இந்த உப்பைக் கரைத்து ஏற்றினார்கள். உறையாது, கனமும் கூடும். ஆனால் உள்ளே டியூபில் ஓர் ஊசித்துளை விழுந்தால் போதும், உப்புநீர் கசிந்து ரிம்மைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும். உள்ளே இரும்பு மெலிந்துகொண்டே போகும். பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கப் போகிறவர் இஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன்னால் பின்சக்கர வால்வைச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இஞ்சினுக்கு உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. கெட்டுப்போன ரிம்முக்கு அதே ரிம் கிடைப்பது கடினம்.

அப்படியானால் சக்கரத்தையே மாற்றிவிடலாமா? பார்க்கச் சுலபமான வழிதான். சக்கரத்தைக் குடத்தோடு பிணைப்பவை ஐந்து போல்ட்டுகள். அவை நாலரை அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கின்றன. அந்தக் காலத்து அமெரிக்கத் தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் இதே அமைப்புதான். படகு ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களிலும் இதே அமைப்பு உண்டு. ஐந்து துளை உள்ள சக்கரத்தில் ஒரு துளைக்கு நேர் எதிரே துளை இருக்காது, அதனால் விட்டத்தை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 2.65 அங்குலம் வந்தது, பெருக்கினால் நாலரை.

துளை பொருந்துவதாலேயே சக்கரம் பொருந்திவிடாது. பன்னிரண்டு அங்குல டிரெய்லர் ரிம் ஒன்றைக் கடையில் எடுத்து வைத்து அளந்தேன். அகலம் நான்கு அங்குலம். என் வண்டியின் டயர் 23x8.50-12: இருபத்து மூன்று அங்குல உயரம், எட்டரை அகலம், பன்னிரண்டு அங்குல ரிம். அந்த டயர் ஒழுங்காக உட்கார ரிம் ஏழு அங்குல அகலம் இருக்க வேண்டும். நான்கில் ஏற்றினால் டயரின் நடுப்பகுதி உப்பிக்கொண்டு தரையில் பட்டையாகப் படியாது. அடுத்து, சக்கரத்தின் நடுத்தகடு ரிம்முக்குள் எந்த ஆழத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது அரை அங்குலம் மாறினாலும் டயர் உள்ளே போய் மட்கார்டை உரசும், அல்லது வெளியே பிதுங்கி அச்சின் மேல் பாரத்தை மாற்றும். நடுத்துளையும் குடத்தின் மேல் சரியாக அமர வேண்டும். இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து பொருந்துகிற சக்கரம் என்று பார்த்தால், கடைசியில் இன்னொரு வீல் ஹார்ஸின் சக்கரம்தான். அதுவும் இதே வயதுடையதாக, பெரும்பாலும் இதே உப்புத் தின்றதாக இருக்கும். ஆகவே இருக்கிற ரிம்மைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

டயரைக் கழற்றுவது தனி வேலை. பல காலம் ஒரே இடத்தில் உட்கார்ந்த ரப்பர் துருவோடு ஒட்டிப் போயிருக்கும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. டயரின் கம்பி விளிம்பை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால்தான் எதிர்ப்பக்கம் லீவருக்கு இடம் கிடைக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவன் பலத்தை நம்ப வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் அப்பாவின் டிராக்டர் டயரைக் காலால் மிதித்துக்கொண்டே கழற்றுவதைச் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறேன். மெலிந்த மனிதர். குதிகாலால் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கடப்பாரை முனையை நுழைப்பார். என் கை கால்கள் அவரைப் பார்த்துத்தான் இதைச் செய்தன.

உள்ளே டியூபை இழுத்தபோது துருச்சில்லுகள் உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று விழுந்தன. ரிம்மைத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். உப்பு கொஞ்சம் தங்கினாலும் பெயிண்டுக்கு அடியில் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். காய்ந்த பிறகு கம்பி பிரஷால் தேய்த்தேன். டயர் விளிம்பு உட்காரும் ஓரத்தில் அம்மைத்தழும்பு போலக் குழிகள், ஆனால் இரும்பு கெட்டியாக இருந்தது. வால்வுத் துளை மட்டும் அரித்து ஒழுங்கற்ற ஓட்டையாகி இருந்தது. பக்கத்து ஊர் வெல்டர் அந்த இடத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, ரிம்மின் வளைவுக்கு வளைத்த சிறு தகடு ஒன்றைப் பற்றவைத்தார். அதில் 0.453 அங்குலத் துளை போட்டோம். இந்த வகை ரிம்முக்கு வரும் ரப்பர் வால்வின் அளவு அது. துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் ரப்பரை அறுத்துவிடும் என்று வட்ட அரம் வைத்து ராவினேன். பிரைமர், அதன் மேல் ஆலையில் அடித்ததை ஒத்த கிரீம் நிறம். சிவப்பு உடம்புக்குக் கிரீம் சக்கரம். வீல் ஹார்ஸை ரசிக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ரிம் காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் டயர் பற்றிய யோசனை. பட்டன், அதாவது டயர் தரையில் படும் பரப்பின் வடிவம், எப்படி இருக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. பண்ணை டயருக்கு இங்கே ஆர்-1 என்று குறியீடு: உயர்ந்த சாய்ந்த பட்டைகள், நம் ஊர் டிராக்டர் டயரின் சிறு உருவம். புல்வெளி டயருக்கு ஆர்-3: தாழ்ந்த, நெருக்கமான கட்டைகள், தரையில் பரந்து படியும். கண்ணுக்கு ஆர்-1 தான் அழகு. பழைய வண்டிகளைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைப்பவர்கள் பலரும் அதைத்தான் மாட்டுகிறார்கள். அது மாட்டிய வண்டி நிற்கும்போதே ஏதோ உழுதுவிட்டு வந்தது போலத் தோன்றும். எனக்கும் அதன் மேல்தான் ஆசை.

 தெருக்கோடி முதியவர் டயர் வந்த கதையையே வேறு பக்கமிருந்து அறிந்தவர். அமெரிக்காவில் டிராக்டர்கள் முதலில் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. விளிம்பில் கூர் கூராக இரும்புப் பற்கள். 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் 'யு' வகை டிராக்டரைக் காற்றடித்த டயருடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரப்பர் வயலில் வழுக்கும், முள்ளில் கிழியும் என்று விவசாயிகள் நம்பவில்லை. அவர்களை நம்பவைக்கக் கார் பந்தய வீரர் பார்னி ஓல்டுபீல்டை அதே வகை டிராக்டரில் உட்காரவைத்து 1933-இல் மணிக்கு 64 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். ரப்பர் மெல்ல வென்றது. பிறகு யுத்தம் வந்தது. முதியவரின் தகப்பனார் யுத்தக் காலத்தில் வாங்கிய டிராக்டர் திரும்பவும் இரும்புச் சக்கரத்தோடு வந்ததாம், டயருக்கு ரப்பர் இல்லை என்று. அதில் உட்கார்ந்து போனால் பல் ஆடும் என்று முதியவர் சொன்னார். யுத்தம் முடிந்த பிறகு தகப்பனார் ஆரக்கால்களை அறுத்து, முனையில் ரிம் வைத்துப் பற்றவைத்து, ரப்பர் டயர் ஏற்றிக்கொண்டாராம். அந்த நாட்களில் பண்ணைக்குப் பண்ணை நடந்த வேலை இது.

ஏன் ரப்பர் இல்லை என்பதை அவர் விரித்துச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. 1942-இன் தொடக்கத்தில் மலாயாவும், அடுத்து டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் விழுந்தன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி அத்தோடு நின்றது. மலாயாத் தோட்டங்களில் அந்த மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வேலை நின்ற தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. இந்தியானாவில் ஒரு பண்ணைச் சிறுவன் இரும்புச் சக்கரத்தில் குலுங்கிக்கொண்டு போன அதே காலம் அது. இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்காமல் அந்தக் கொட்டகையில் என்னால் நிற்க முடியவில்லை. அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு, அந்த ரயில் பாதையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அன்று டயர் பேச்சு அதற்கு மேல் நடக்கவில்லை.

பட்டன் விஷயத்தை முடித்து வைத்தவர் அப்பாதான். வாரக்கடைசியில் வீடியோவில் பேசும்போது போனை வண்டிப் பக்கம் திருப்பிக் காட்டினேன். அப்பா தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுபவர். பல காலமாக மாசி பெர்குசன் 1035 வைத்திருக்கிறார்.

“ஏலே, மண்ணு எப்படி? களியா, மணலா?” என்று முதலில் கேட்டார்.

“மணல் கலந்த செம்மண்ணு மாதிரிப்பா. தண்ணி நிக்காது.”

“வருசத்துல எத்தன நாளு உழுவே?”

காய்கறிப் பாத்திதான், ஏப்ரலில் ஒரு தடவை, மற்றபடி மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை புல் வெட்டும் வேலைதான், அப்புறம் பனி தள்ள வேண்டும் என்று சொன்னேன். பட்டை பட்டையான டயர் மாட்டினால் உழவுக்கு நல்லது, ஆனால் திரும்பும் இடத்தில் புல்லைப் பிய்த்துவிடும் என்றும் சொன்னேன்.

“நாம நடவுக்குத் தொளி அடிக்கும்போது என்ன செய்யுதோம்? கேஜ் வீல் மாட்டுதோம். ரோட்டுக்கு ஏறும்போது களத்திப் போடுதோம். அதுக்காவ டயரயா மாத்துதோம்? ஒங்க ஊர்ல மேல மாட்டுததுக்கு ஒண்ணும் கிடையாதா?”

அப்பா சொன்ன கேஜ் வீல், சேற்றில் இறங்கும்போது மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம். இங்கேயும் மேலே மாட்ட ஒன்று இருக்கிறது. சங்கிலி. பனிக்காலத்துக்கென்று டயரின் மேல் ஏணி போல விரித்துப் போட்டு இறுக்குகிற இரும்புச் சங்கிலி. பனிக்கட்டியின் மேல் ஆர்-1 டயரின் ரப்பர் பட்டைகளும் வழுக்கத்தான் செய்யும். அங்கே பிடிப்பது சங்கிலியின் இரும்புதான். எப்படியும் பனிக்குச் சங்கிலி வாங்கித்தான் ஆக வேண்டும். அதே சங்கிலியை ஏப்ரலில் கழற்றாமல் விட்டால் பாத்தியையும் உழுதுவிடலாம். வருடத்தின் பெரும்பகுதி புல்லின் மேல் நடக்கும் வண்டிக்குப் புல்வெளி டயர். மண்ணிலும் பனியிலும் இறங்கும்போது மேலே இரும்பு. இதைவிடத் தெளிவான விடையை இங்கே எவரும் எனக்குச் சொல்லவில்லை. கூடவே அப்பா, “நம்ம கங்கைகொண்டான்லயே டயர் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புதானே, அது கெடைக்கலையா?” என்றும் கேட்டார். திருநெல்வேலிக்கு வடக்கே சிப்காட் வளாகத்தில் பண்ணை டயர் செய்யும் அந்த ஆலை இப்போது யோகஹாமா குழுமத்தில் இருக்கிறது. நான் தேடிய சின்ன அளவில் அந்த ஊர் டயர் என் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் விலை பார்க்காமல் வாங்கியிருப்பேன்.

அடுத்தது அளவு. டயர் வாங்கப் போகும் இடத்தில் எல்லாம் ஒரு தூண்டுதல் இருக்கும்: இன்னும் கொஞ்சம் பெரியதாக மாட்டினால் என்ன? இதே பன்னிரண்டு அங்குல ரிம்மில் 23x10.50 ஏறும், 26x12 கூட ஏறும் என்பார்கள். ஏற்றிவிடலாம்தான். ஆனால் பத்தரை அங்குல டயருக்கு எட்டரை அங்குல அகல ரிம் வேண்டும். ஏழில் ஏற்றினால் தோள்பட்டை தரையில் படாமல் நடு மட்டும் தேயும். இருபத்தாறு அங்குல டயரின் கதை இன்னும் மோசம். உயரம் நூற்றுக்குப் பதின்மூன்று கூடுகிறது. அதாவது ஒவ்வொரு கியரிலும் வண்டி அந்த அளவு வேகமாக ஓடும், ஏறக்குறைய அந்த அளவு இழுவை குறையும். உழவுக்கு வேண்டிய மெதுவான முதல் கியரின் பயன் குறைந்துவிடும். பின்பக்கம் ஒன்றரை அங்குலம் தூக்கி, வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். அடியில் தொங்கும் புல்வெட்டி சாய்ந்து, முன்னால் மழித்துப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். சங்கிலி போட்டால் மட்கார்டில் அடிக்கும். இந்த வண்டியை வரைந்தவர்கள் கியர்ப் பற்களிலிருந்து புல்வெட்டியின் கொக்கி வரை எல்லாவற்றையும் இருபத்து மூன்று அங்குலத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை மதித்து 23x8.50-12 அளவிலேயே, நான்கு பிளை டயர் வாங்கினேன். இரண்டு பிளை மலிவு, புல்லுக்கு மென்மையும்கூட. ஆனால் சங்கிலியின் இறுக்கத்தையும் கூடுதல் கனத்தையும் தாங்க நான்குதான் சரி.

முன் டயரில் நானும் முதியவரும் ஒத்துப்போகவில்லை. முன்னாலும் புல்வெளிப் பட்டனே போதும் என்றார் அவர். நான் மூன்று வரி டயரைக் கேட்டேன். சுற்றிலும் மூன்று உயர்ந்த வளையங்கள் ஓடும் 16x6.50-8. பனித்தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து பனியைத் தள்ளும்போது வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வழுவழுப்பான டயர் கேட்காது. நடு வளையம் பனியை வெட்டிக்கொண்டு இறங்கினால்தான் வண்டி சொன்ன இடத்துக்குப் போகும். மழை பெய்த மறுநாள் புல்லில் கோடு விழும் என்றார் முதியவர். விழும். மழை பெய்த மறுநாள் நான் புல் வெட்டுவதில்லை. முன்சக்கரத்தின் பேரிங்குகளையும் அப்போதே மாற்றினேன்: முக்கால் அங்குல உள்விட்டம், 1 3/8 அங்குல வெளிவிட்டம், ஓரத்தில் விளிம்பு வைத்த சாதாரண பேரிங். விலையும் அதிகமில்லை. பழையதைக் கையில் வைத்து உருட்டினால் மணல் அரைபடும் சத்தம் வந்தது. புது டயரைத் தேய்ந்த பேரிங்கில் மாட்டினால் சீக்கிரமே ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும்.

டயரை ரிம்மில் ஏற்றுவதைவிட அதில் காற்றை நிற்கவைப்பதுதான் கஷ்டம். புது டயர் கடையில் ஒன்றன் மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்து வருகிறது. அதன் இரண்டு விளிம்பும் உள்பக்கமாக ஒடுங்கியிருக்கும். காற்று அடித்தால் எல்லாம் ஓரமாக வெளியே போய்விடும். ஈத்தரைத் தெளித்துத் தீ வைத்து வெடிக்கச் செய்து உட்காரவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பக்கத்தில் பிள்ளைகள் நிற்கும் கொட்டகையில் செய்யக் கூடிய காரியமா அது? நாங்கள் டயரைச் சுற்றி நடுப்பட்டையில் ஒரு வாரைக் கட்டி, அதன் பல்சக்கரப் பூட்டை முறுக்கி இறுக்கினோம். நடு ஒடுங்க ஒடுங்க இரண்டு விளிம்பும் வெளியே விரிந்து ரிம்மைத் தொட்டன. சோப்பு நுரையை விளிம்பில் தடவிக் காற்றைத் திறந்தேன். நுரை குமிழியாகப் பொங்கியது, அடங்கியது. முதலில் ஒரு பக்கம், அடுத்து மறுபக்கம், பட்டென்று சத்தம் கொடுத்து உட்கார்ந்தது. வாரை உடனே தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் அறுந்துவிடும். முதியவர் கை அதற்குத் தயாராக இருந்தது.

உள்ளே தண்ணீர் ஏற்றவில்லை. சர்க்கரை பீட் கிழங்கின் சாற்றை ஏற்றுகிறார்கள் இப்போது. உறைவதில்லை, இரும்பை அரிப்பதும் இல்லை, கனமும் தண்ணீரைவிட அதிகம். நல்ல முறைதான். ஆனாலும் காப்பாற்றி எடுத்த ரிம்முக்குள் எந்த நீரையும் விட எனக்கு மனம் வரவில்லை. வார்ப்பிரும்பு எடைக்கட்டிகளைத் தேடிப் பிடித்து, சக்கரத்துக்கு ஒன்றாக வெளியே போல்ட் போட்டு மாட்டினேன். ஒன்று ஐம்பது பவுண்டு. கோடையில் வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். கேஜ் வீலுக்கு அப்பா சொன்ன நியாயம் இதற்கும் பொருந்துகிறது. முன்சக்கரங்களில் மட்டும் ரிம் ஓரக் குழிகள் வழியாகக் காற்று கசிந்ததால் டியூப் போட்டேன்.

காற்று, பின்னால் எட்டு பவுண்டு, முன்னால் பன்னிரண்டு. கார் டயருக்கு முப்பதுக்கு மேல் அடித்துப் பழகிய கைக்கு இது காற்றே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் இந்த டயர் பரந்து படிந்தால்தான் புல் நசுங்காது. முக்கியம் என்னவென்றால் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு பவுண்டு குறைந்தாலும் புல்வெட்டி அந்தப் பக்கம் சாய்ந்து, வெட்டிய தரையில் படிக்கட்டு தெரியும். சாதாரண காற்றுமானி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. இருபது பவுண்டுக்குள் அளக்கும் மானி ஒன்றைத் தனியாக வாங்கிக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஏரியிலிருந்து பனி கொட்டும் ஊர் இது. மிச்சிகன் ஏரியின் மேல் வடமேற்குக் காற்று அடித்தால் ஒரே இரவில் வாசல் மறைந்துவிடும். முதல் பெரிய பனி விழுந்த காலையில் சங்கிலியும் எடைக்கட்டியும் மாட்டிய சி-120-ஐ எடுத்து என் வாசலைத் தள்ளிவிட்டு, அப்படியே தெருக்கோடி வரை போய் முதியவர் வாசலையும் தள்ளினேன். தகடு நிறையப் பனியோடு இரண்டாம் கியரில் போகும்போது சக்கரம் ஓரிடத்திலும் சும்மா சுழலவில்லை, மூக்கும் ஒதுங்கவில்லை. அவர் ஜன்னலில் நின்று முன் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, மூன்று வரி பற்றி நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். புல் விஷயத்தில் தான் சொன்னது சரியா என்று வசந்தத்தில் பார்க்கலாம் என்றார்.

இப்போது அவருடைய மூத்த வண்டியைக் கட்டைமேல் ஏற்றி வைத்திருக்கிறோம். அதன் பின் டயர் ஒடுக்கமான 6-12. பழைய காலத்து அளவு. தோட்ட டிராக்டருக்கென்று கேட்டால் கடைகளில் கைவிரிக்கிறார்கள். ஆனால் ஜப்பானிய சிறு டிராக்டர்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் சிலவற்றின் முன் டயர் இதே 6-12 அளவுதான், அதற்கு இன்றும் புது டயர் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆர்-1 பட்டன். அவர் வண்டி இனி புல் வெட்டப் போவதில்லை, பாத்தி மட்டும்தான் உழும் என்பதால் அதுவே போதும் என்று நான் சொல்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ரிம்மில் உப்பு ஏறவில்லை என்பதைத் தடவிப் பார்த்துவிட்டோம்.